மலைக்குக் கிழக்கே மறையூர்

மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைச் சாலையில் சுமார் 40 கி.மீ. இறங்கினால் மறையூர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். மூணாறில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை. மறையூரைத் தாண்டிச் சின்னாறு காட்டுக்குள் நுழைந்தால் அது 500 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். தேயிலை மறைந்து முள்மரமும் கள்ளியும் தலைகாட்டும். 2,695 மீட்டர் உயர ஆனைமுடியும் அதையொட்டிய மலைகளும்தான் காரணம்.

ஜூனில் அரபிக்கடல் காற்று இம்மலைகளில் மோதி மேலேறுகிறது. உயரே அழுத்தம் குறைவதால் காற்று விரிந்து குளிரும். மேகம் திரளும்வரை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி; திரண்டபின் 5, 6 டிகிரிதான். நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் குளிர்ச்சியைத் தணித்துவிடுகிறது. மழையை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு மறுபுறம் இறங்கும் காற்றோ, வறண்டுபோய், கிலோமீட்டருக்கு முழு 10 டிகிரி சூடாகிறது. அதனால்தான் அங்கே சாரல் விடாமல் அடிக்கும் நாளிலும் இங்கே வெயில் காய்கிறது. மறையூருக்குக் கைகொடுப்பது ஐப்பசி, கார்த்திகை மழை.

வானம் தராததை ஆறு கொண்டுவருகிறது. ஆனைமுடிப் பகுதியில் பிறக்கும் பாம்பாறு இவ்வழியே கிழக்கே ஓடி அமராவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. பெருங்கற்கால மக்கள் பலகைக்கற்களை நிறுத்தி மூடிய முனியறைகள் இங்குள்ள பாறைமேடுகளில் இன்றும் நிற்கின்றன. பின்னாளில் மதுரைப் பக்கமிருந்து வந்தவர்கள் அமைத்ததாகச் சொல்லப்படும் அஞ்சுநாட்டு ஊர்களில் பேச்சுவழக்கு தமிழே.

ஆற்றுப் பாசனத்தில் விளைவது கரும்பு. சாற்றைக் கொப்பரையில் ஊற்றி, பிழிந்த சக்கையையே எரித்துக் காய்ச்சுகிறார்கள். அழுக்கு நுரைத்து மேலே வர, சிறிது சுண்ணாம்பு சேர்ப்பார்கள். சுண்ணாம்பு மிஞ்சினால் வெல்லம் கறுக்கும். குறைந்தால் சரியாக இறுகாது. பாகு பதமானதும் சூட்டோடு கையால் உருண்டை பிடிக்கிறார்கள். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வறட்சியின் முழுப் பயனைப் பெறுவது சந்தனம்தான். வேரில் நீர் தேங்கினால் அது அழுகிவிடும். தன் இலையில் தானே உணவு தயாரித்தாலும் சந்தனம் பாதி ஒட்டுண்ணி: பக்கத்து மரத்தின் வேரில் தன் உறிஞ்சுவேரைச் செருகி நீரையும் உப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே நாற்றுப் பையிலேயே துவரையையும் சேர்த்து வளர்க்க வேண்டும். துவரை ஓங்கி நிழலடிக்காதபடி நுனியைக் கிள்ளிவிட வேண்டும். நிலத்தில் நடும்போது சவுக்கு போன்ற நெடுங்காலத் துணை தேவை. தனியாக நட்ட கன்று நோஞ்சானாகி, பெரும்பாலும் செத்துவிடும்.

மணக்கும் வைரக்கட்டை பிடிக்கவே பத்தாண்டுக்கு மேலாகும். அதற்குள் ஸ்பைக் நோய் வந்தால் எல்லாம் வீண். தத்துப்பூச்சிகள் பரப்பும் நுண்ணுயிரியால் இலைகள் சிறுத்து, முள்போல் விறைத்து நிற்கும். பூ, காய் நின்றுபோகும். ஓரிரு ஆண்டில் மரம் பட்டுவிடும். மருந்து இல்லை. அறிகுறி கண்டதும் அந்த மரத்தை அகற்றுவதே மற்ற மரங்களைக் காக்க இப்போதிருக்கும் வழி.