நள்ளிரவில் தானாக ஓடும் பம்ப்

"பைப் எல்லாம் பூட்டித்தான் கிடக்குது அண்ணை, ஆனா சாமத்திலை பம்ப் தானா ஓடுது" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். லண்டன் வாடகை கட்டுப்படியாகாமல், ஆல்பர்ட்டன் பக்கம் கிராண்ட் யூனியன் கால்வாயில் ஒரு பழைய நேரோபோட் வாங்கி அதிலேயே குடியிருக்கிறார். ஊர் அடங்கியதும் 'டர்ர்' என்று ஒரு நொடி சத்தம், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒன்று. படகின் முந்தைய சொந்தக்காரர் காலமாகிவிட்டார் என்பது அம்மாவுக்குத் தெரிந்த நாளிலிருந்து ஊரிலிருந்து திருநீறும் நூலும் வந்துகொண்டிருக்கின்றனவாம்.

கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது: "பின்னேரத்திலை எஞ்சின் ஓட்டினா அடியிலை தண்ணி சொட்டுது, அது வேறை பிரச்சினை."

வேறு பிரச்சினை இல்லை. மாலையில் சொட்டுவதும் இரவில் பம்ப் ஓடுவதும் ஒரே கணக்கின் வரவும் செலவும்தான்.

நேரோபோட் என்பது ஏழடிக்கும் குறைவான அகலமுள்ள நீண்ட இரும்புப் படகு. இங்கிலாந்தின் பழைய கால்வாய் 'லாக்'குகள் (படகை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்றி இறக்கும் கதவுபோட்ட நீர்த்தொட்டிகள்) பல ஏழடி அகலத்தில் கட்டப்பட்டவை, அதனால்தான் இந்த ஒடுக்கம். பழைய படகுகளில் குடிநீர்த் தொட்டி முன்முனையில் இருக்கும். நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டி போல உயரத்தில் இல்லாமல் குழாய்களுக்குக் கீழே இருப்பதால் தண்ணீர் தானாக வராது. 12 வோல்ட் பம்ப் ஒன்று தள்ள வேண்டும். அதன் பிரஷர் சுவிட்ச், அழுத்தம் ஏறக்குறைய 2 பாரை (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) தொட்டதும் பம்பை நிறுத்தும், 1.4 பாருக்கு இறங்கியதும் ஓட்டும். குழாயை யார் திறந்தார்கள் என்பதெல்லாம் சுவிட்சுக்குத் தெரியாது, அழுத்தம் மட்டும்தான் தெரியும்.

வெந்நீருக்கு கலோரிஃபையர் என்ற மூடிய உருளை இருக்கிறது. எஞ்சினைக் குளிரவைக்கும் சூடான நீர் அதற்குள் இருக்கும் சுருள் குழாய் வழியே ஓடி, சுற்றியுள்ள குளிக்கும் தண்ணீரைச் சுடவைக்கும். வீணாகப் போகிற வெப்பத்தில் குளியல்! உருளைக்குள் நுழையும் வழியில் ஓர் ஒருவழி வால்வு உண்டு. உள்ளே போன தண்ணீர் பச்சைத்தண்ணீர்க் குழாய்க்குத் திரும்பாது.

சரி, இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு பாத்திரத்தில் விளிம்பு தட்டத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வையுங்கள். கொதிப்பதற்கு வெகு முன்பே அது ஓரத்தில் வழியும். தண்ணீர் சூடானால் விரியும், அவ்வளவுதான். 15 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 999 கிராம், 80 டிகிரியில் 972 கிராம். அந்த வித்தியாசத்தை 55 லிட்டர் கலோரிஃபையருக்குப் பெருக்கிப் பாருங்கள். ஒன்றரை லிட்டர் கூடுதல் இடம் வேண்டும்.

அந்த இடம் மூடிய உருளைக்குள் எங்கே இருக்கிறது? தண்ணீரை அமுக்கிச் சுருக்கவும் முடியாது. ஒருவழி வால்வு பின்னால் கதவை அடைத்துவிட்டது. அழுத்தம் விறுவிறுவென்று ஏறி 3 பாரைத் தொடும்போது சேஃப்டி வால்வு திறக்கிறது, ஒன்றரை லிட்டரும் சொட்டுச்சொட்டாக வெளியேறுகிறது. பின்னேரச் சொட்டு இதுதான்.

இரவு எஞ்சின் இல்லை. உருளை ஆறுகிறது, தண்ணீர் சுருங்குகிறது. 80லிருந்து 50 டிகிரிக்கு வந்தால் ஏறக்குறைய 0.9 லிட்டர் குறையும். அந்தக் குறையை நிரப்பப் பச்சைத்தண்ணீர்க் குழாயிலிருந்து நீர் மெல்ல உள்ளே இழுபடும், குழாயில் அழுத்தம் 1.4 பாருக்கு இறங்கும், பம்ப் ஓடும். ஒரு மனிதரும் குழாயைத் தொடவில்லை, ஒரு சொட்டும் ஒழுகவில்லை, ஆனாலும் பம்ப் ஓடுகிறது.

இது ஊகமாகவே இருந்துவிடக்கூடாது என்பதற்காக அவரிடம் ஒரு வேலை கேட்டேன். படுத்தபின் பம்ப் ஓடும் நேரங்களைக் குறித்துவையுங்கள். எங்கோ ஒழுகல் இருந்தால் இடைவெளி இரவு முழுக்க ஒரே சீராக இருக்கும். ஆறுவதால் என்றால், சூடான பொருள் முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் ஆறுமே, அதன்படி இடைவெளி நீண்டுகொண்டே போக வேண்டும். வந்த பதில்: 12.40, 1.02, 1.30, 2.06, 2.52. இடைவெளிகள் 22, 28, 36, 46 நிமிடம். அந்தத் துண்டுச் சீட்டைப் பார்த்ததும் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. நியூட்டனின் குளிர்தல் விதி ஒரு படகின் சமையலறையில், பென்சில் எழுத்தில்!

அம்மாவின் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். தூரதேசத்தில், தண்ணீர்மேல் தனியாக இருக்கும் பிள்ளைக்காகப் பயப்படாத தாய் யார்? என் வருத்தம் பள்ளிக்கூடங்கள் மேல். திரவங்கள் விரிவதை நாம் இரண்டு மதிப்பெண் கேள்வியாக மட்டும் படித்தோம். ஒரு கண்ணாடிக் குடுவை, ஒரு மெல்லிய குழாய், கொஞ்சம் நிற மை. இதற்குக்கூட ஆய்வகப் பணம் இல்லையென்றால், பெரிய விஞ்ஞானத் திட்டங்களுக்கு ஒதுக்கும் கோடிகளைப் புரிந்துகொள்ளும் தலைமுறை எங்கிருந்து வரும்?

ஒரு விஷயத்தை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சொட்டுகிறதே என்று சேஃப்டி வால்வை அடைத்துவிடாதீர்கள். 100 டிகிரிக்கு மேல் போய்விட்ட தண்ணீர் அழுத்தத்தால்தான் ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கும். உருளை பிளந்தால் அதில் ஒரு பகுதி கணத்தில் ஆவியாகிச் சீறும். உயிர் போகிற விஷயம். சொட்டும் நீரை ஒரு குழாயில் படகுக்கு வெளியே விடலாம், இல்லாவிட்டால் பழைய படகின் அடித்தளம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

சரியான மருந்து, வெந்நீர்ப் பக்கம் ஒரு விரிவுக்கலம். உள்ளே ரப்பர் பை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. காற்றை அமுக்கலாமே! 8 லிட்டர் கலத்தில் பம்ப் நிற்கும் அளவான 2 பாருக்குக் காற்றடித்து வைத்தால், அழுத்தம் கூடக்கூடக் காற்றின் இடம் சுருங்கும் என்ற பாயில் விதிப்படி 2.8 பாருக்குள் ஒன்றரை லிட்டரை வாங்கிக்கொள்ளும். சொட்டு நிற்கும். ஆறும்போது அதே தண்ணீரைத் திருப்பிக் கொடுப்பதால் பம்பும் தூங்கும்.

அப்புறம் அக்யூமுலேட்டர். இதுவும் அதே மாதிரி கலம்தான், பச்சைத்தண்ணீர்ப் பக்கம் பம்புக்கு அருகில் இருக்கும். 2 லிட்டர் கலத்தில் காற்று 1.2 பார் இருந்தால், பம்ப் ஓடாமலே ஏறக்குறைய 370 மில்லி தரும். அவர் படகிலும் ஒன்று இருந்தது. அப்படியானால் பம்ப் ஒரு நொடி மட்டும் ஓடிநிற்கக் கூடாதே என்ற சந்தேகம் எனக்கு. பம்பை அணைத்து, குழாயைத் திறந்து அழுத்தத்தை முழுக்க வடித்துவிட்டு, கலத்தில் காற்றடிக்கும், சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற வால்வின் ஊசியை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். காற்று வந்தால் பை நல்லது, தண்ணீர் வந்தால் கிழிந்துவிட்டது.

தண்ணீர்தான் வந்ததாம்.