எரர் வரலை சார், அப்போ சரிதானே?

போன வாரம் ஒரு மாணவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். மூன்று பாட மதிப்பெண்களுக்குச் சராசரி காணும் புரோகிராம் எழுதும் பயிற்சி. 60, 70, 80 கொடுத்திருக்கிறார். திரையில் 156.666 என்று நீளமாக ஒரு விடை. "எரர் எதுவும் வரலை சார், சரிதானே?" என்றார். நூற்றுக்கு எழுதிய தேர்வில் சராசரி 156! இந்த மாதம் இதே கேள்வியோடு வந்த நான்காவது ஆள் இவர்.

கூட்டலுக்கு அடைப்புக்குறி போடவில்லை, அதனால் 80 மட்டும் மூன்றால் வகுபட்டது. அது பள்ளிக் கணக்கு, விடுங்கள். என் கோபம் அந்த "சரிதானே"வில்தான்.

எரர் வரவில்லை என்றால், நீங்கள் எழுதியது கணினிக்குப் புரிந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான். நீங்கள் மனதில் நினைத்தது அதற்குத் தெரியாது. பச்சை மிளகாய் வாங்கப் போய், வாய் தவறி பஜ்ஜி மிளகாய் என்று கேட்டால் கடைக்காரர் எரர் காட்டுவாரா? கேட்டதை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்.

பைதான் 3 மொழியில் இன்புட் வாங்கினால் அது எப்போதும் எழுத்துச் சரமாகத்தான் வரும், எண்ணாக அல்ல. 5-ம் 5-ம் கொடுத்துக் கூட்டினால் 55. எரர் கிடையாது. ஒன்று முதல் பத்து வரை கூட்டச் சொன்னால் பலருக்கு 45 வருகிறது. எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்சில், நாம் கொடுக்கும் கடைசி எண் சேராது. சி மொழியில் இன்னும் மோசம். நிபந்தனையைச் சோதிக்கும் இஃப் உள்ளே இரண்டு சமக்குறிக்குப் பதில் ஒன்றைப் போட்டு மதிப்பெண்ணை 35-உடன் ஒப்பிட்டால், அது ஒப்பிடாமல் மதிப்பெண்ணையே 35 ஆக்கிவிடும்; வகுப்பில் அத்தனை பேரும் பாஸ். (சி புரோகிராமைக் கணினி மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரில் எச்சரிக்கைகளை நீங்களாக இயக்கினால்தான் இதைப் பற்றி வாயைத் திறக்கும். முதல் நாளே இயக்கி வையுங்கள்.)

உண்மையில் எரர் வந்தால் சந்தோஷப்படுங்கள். இடத்தையாவது காட்டுகிறது. பைதானில் எரர் செய்தியின் கடைசி வரியை முதலில் படியுங்கள். சி-யில் நேர்மாறு: முதல் எரரைத் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள், கீழே இருக்கும் இருபதில் பாதி தானாகவே போய்விடும். காட்டுகிற வரியில் தவறு தெரியவில்லையா? அதற்கு மேல் வரியைப் பாருங்கள். மூடாத அடைப்புக்குறிக்கு, பைதான் பல ஆண்டுகள் அடுத்த வரியைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது. 2021-இல் வந்த 3.10 பதிப்பில்தான் அது சரியாயிற்று.

அப்புறம், ஒரு சின்ன வேண்டுகோள். ரன் கொடுப்பதற்கு முன் என்ன விடை வரவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். 70 என்று எழுதி வைத்தவர் 156-ஐப் பார்த்து என்னிடம் ஓடி வரமாட்டார்.

அதற்குப் பிறகும் புரியவில்லையா, தாராளமாகக் கேளுங்கள். ஆனால் திரையை மொபைலில் கோணலாகப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். எரரை அப்படியே காப்பி செய்து அனுப்புங்கள். உங்கள் படங்களில் எப்போதும் வெட்டுப்பட்டுப் போவது அந்தக் கடைசி வரிதான்.