இல்லாத காளையைக் காணும் பாடம்

தஞ்சாவூர் அரண்மனை வளாகக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனரின், அதாவது காளையை ஊர்தியாகக் கொண்ட சிவனின், செப்புத் திருமேனி நிற்கிறது. கல்வெட்டைக் கொண்டு கி.பி. 1011 எனக் காலம் கணிக்கப்பட்ட இச்சிற்பத்தில் ஒரு கால் மற்றொன்றின் குறுக்கே இருக்க, மடங்கிய கை ஒன்று எதன்மீதோ சாய்ந்தாற்போல் வெறும் வெளியில் நிற்கிறது. அவர் சாய்ந்திருந்த காளை இப்போது இல்லை. அருங்காட்சியகம் கலை மாணவர்களுக்கு வகுப்பறையாவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பிள்ளைகளை அழைத்துச் சென்றதும் விளக்கப் பலகையைப் படித்துக் காட்டுவது நம் வழக்கம். பெயரும் ஆண்டும் கிடைத்ததுமே கண் அடுத்த சிற்பத்துக்குப் போய்விடுகிறது. உளவியலாளர் அபிகெயில் ஹௌசனும், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும் வகுத்த முறையில் பலகைக்கு முன்பே மூன்று கேள்விகள் வருகின்றன: இங்கே என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய், இன்னும் என்ன தெரிகிறது? இரண்டாவது கேள்விதான் இம்முறையின் உயிர். கருத்துச் சொன்னவரை அது மறுபடியும் சிற்பத்திடமே அனுப்பிச் சான்று தேடவைக்கிறது.

யாருடைய தோளிலோ கை போட்டிருக்கிறார் என்று ஒரு பிள்ளை சொல்லக்கூடும். அதே நிலையில் நின்று பார்க்கச் சொன்னால், குறுக்கிட்ட காலோடு உடல் தடுமாறுவதை உணர்ந்து, பக்கத்தில் ஒரு தாங்கல் இருந்திருக்க வேண்டும் என்று அப்பிள்ளை தானாகவே கண்டுகொள்ளும். ஒரே கோணத்தில் எடுத்த புத்தகப் படம் இதற்கு இடம் தருவதில்லை. சிற்பத்தைச் சுற்றி நடக்கும்போதுதான் பாம்புகள் சூழ்ந்து தலைப்பாகைபோல் முடிந்த சடைக்கட்டு முன்னும் பின்னும் எப்படி மாறுகிறது என்பது தெரியும்.

கோயில் திருமேனிகள் பட்டுக்கும் மாலைக்கும் உள்ளே இருப்பவை. இடுப்பின் வளைவில் சிற்பி காட்டிய நுட்பம் இங்கேதான் வெளிப்படுகிறது. ஆனால் அவற்றுக்குரிய ஊர்வலமும் ஒலியும் இங்கே இல்லை என்பதையும் ஆசிரியர் சொல்லியாக வேண்டும்.

அடுத்து வரைதல். கண்டதை மனம் சற்று நேரமே அப்படியே பிடித்துவைத்திருக்கும் என்பதால், வரைபவர் ஒவ்வொரு கோட்டுக்கும் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. காளையையும் சேர்த்து வரையச் சொல்லும்போது, திமிலின் உயரம் எவ்வளவு என்ற கேள்வி எழ, மாணவர் பென்சிலை நீட்டி முழங்கையின் உயரத்தை அளக்கத் தொடங்குகிறார்.