அயனி மென்னிறக்கம்: ஒரு சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் ‘அயன் சாஃப்ட் லேண்டிங்’ என்று வழங்குவதைத் தமிழில் ‘அயனி மென்னிறக்கம்’ எனலாம். அயனி என்பது மின்னேற்றம் பெற்ற அணு அல்லது மூலக்கூறு. அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவியான நிறை நிறமாலைமானிக்குள் பல வகை அயனிகள் கலந்து பறக்கின்றன. அவற்றில் நமக்கு வேண்டிய நிறை கொண்டவற்றை மட்டும் பிரித்தெடுத்து, வேகத்தைக் குறைத்து, உடையாமல் ஒரு பரப்பின் மேல் இறக்கி வைப்பதுதான் இந்த முறை.

நிறை நிறமாலைமானி பொதுவாகப் பொருளைத் திருப்பித் தருவதில்லை. அயனி போய் உணரியில் மோதும், ஒரு மின்சமிக்ஞை எழும், அத்தோடு சரி. பிரித்த அயனிகளைச் சேர்த்து வைக்கும் எண்ணம் புதியதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் ‘கலுட்ரான்’ என்ற பெரிய கருவிகள் யுரேனியம்-235 ஐ இப்படித்தான் பிரித்துச் சேர்த்தன. ஆனால் அங்கே அயனிகள் பல ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலின் அலகு) ஆற்றலோடு தட்டில் போய் மோதின. தனி அணுவில் அறுந்து போகப் பிணைப்பு ஏதும் இல்லை என்பதால் அது செல்லுபடியானது. மூலக்கூறு அப்படி இல்லை. ஒரு கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை அறுக்கச் சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட் போதும். கலுட்ரானின் வேகத்தில் மோதினால் தட்டில் மிஞ்சுவது துண்டுகள்தான்.

1977 இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கிரஹாம் குக்ஸின் குழு குறைந்த ஆற்றலில் அயனிகளைப் பரப்பில் இறக்கிக் காட்டியது. கட்டுரையின் தலைப்பிலேயே ‘சாஃப்ட் லேண்டிங்’ இருந்தது. விண்வெளித் துறையில் அந்தச் சொல் அதற்குள் நன்றாகப் பழகிவிட்டது. சோவியத் ஒன்றியத்தின் லூனா 9, 1966 பிப்ரவரி 3 அன்று நிலவில் சேதமின்றி இறங்கியிருந்தது. 1997 இல் குக்ஸ் குழுவே, புளூரின் ஏற்றிய மூலக்கூறுகள் தாமாக ஒழுங்குபட்டு அமைந்த ஓர் அடுக்கின் மேல் பல்லணு அயனிகளை இறக்கி, அவை சிதையாமல் தங்கியதைக் காட்டியது. 2003 இல் புரதங்களையும் இப்படி இறக்கினார்கள். கலவையிலிருந்து நிறைவாரியாகப் பிரித்து இறக்கிய நொதிகள், வெற்றிடத்தில் பறந்து வந்த பிறகும் தம் வேலையைச் செய்தன. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த முடிவு அதுதான்.

இனி ‘மென்’ என்ற அடைக்கு வருவோம். மெதுவாக இறங்குவது என்று எண்ணிவிடக் கூடாது. நிலவில் இறங்கும் கலம் கடைசிக் கணத்தில் நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில்தான் தொடும். ஆனால் 1000 டால்டன் (ஒரு டால்டன் ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் அணுவின் நிறை) நிறையும் 10 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலும் கொண்ட அயனி, நொடிக்கு ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேர்கிறது. காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப் போல நான்கு மடங்கு! அப்படியும் அது ‘மென்’ இறக்கம்தான். அந்த 10 எலக்ட்ரான் வோல்ட் ஒரே பிணைப்பின் மேல் விழுவதில்லை. ஒரு பகுதியைப் பரப்பு வாங்கிக்கொள்ளும், மீதி மூலக்கூறின் எண்ணற்ற அதிர்வுகளில் பரவிவிடும். மென்னீர் என்பதில் ‘மென்’ கரைந்த உப்பின் குறைவைச் சொல்கிறது. இங்கே அது மோதல் ஆற்றலின் குறைவைச் சொல்கிறது. வழக்கமாக 100 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே, பெரும்பாலும் சில பத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். பரப்புக்குத் தகுந்த மின்னழுத்தம் கொடுத்து, வரும் அயனியை எதிர்த்துத் தள்ளித்தான் இதைச் சாதிக்கிறார்கள்.

இறங்கிய அயனிக்கு மூன்று கதிகள் உண்டு. மின்னேற்றத்தோடு அப்படியே தங்கலாம். புளூரின் அடுக்கு போன்ற மின்கடத்தாப் பரப்பில் இது நடக்கும். வெறும் உலோகம் என்றால் மின்னேற்றத்தை இழந்து நடுநிலை மூலக்கூறாகிவிடும். இல்லையேல் பரப்போடு வினைபுரிந்து சகப்பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவதை ‘வினைபடு இறக்கம்’ என்று தனியே பிரித்துச் சொல்வது நல்லது.

சில அணுக்கள் சேர்ந்த அணுக்கொத்துகளில் இந்த முறையின் அருமை நன்றாகத் தெரியும். மெக்னீசியம் ஆக்சைடின் மேல் இறக்கிய தங்கக் கொத்துகளில், எட்டு அணுக்கள் கொண்டதே கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றம் செய்த மிகச் சிறிய கொத்து என்று 1999 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஓர் அணு குறைந்தால் வினை இல்லை. இவ்வளவு துல்லியமாக எண்ணிக்கையைத் தேர்ந்து பரப்பில் வைக்க நிறைப் பிரிப்பு இல்லாமல் முடியாது. குறையும் உண்டு: அளவு மிகச் சிறிது. 1 நானோ ஆம்பியர் மின்னோட்டம் என்றால், ஒற்றை மின்னேற்ற அயனிகள் நொடிக்குச் சுமார் 620 கோடி இறங்கும். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டரை ஒற்றை மூலக்கூறு அடுக்கால் மூட ஏறத்தாழ நூறு லட்சம் கோடி மூலக்கூறுகள் வேண்டும். அதற்கு நாலரை மணி நேரம் ஆகும்.

அப்புறம், தமிழ்ச் சொல். செய்தித்தாள்கள் விண்கலத்துக்கு ‘மென் தரையிறக்கம்’ என்கின்றன. நிலவுக்கு அது பொருந்தும். ஆய்வகத்தில் தரை ஏது? தங்கத் தகடோ மைக்காத் துண்டோதான் இருக்கும். ஆகவே ‘தரை’யை விட்டுவிட வேண்டும். ‘மென்படிவு’ என்ற மாற்றுச் சொல்லையும் எண்ணிப் பார்க்கலாம். ஆவிப் படிவு, மின்படிவு என்ற சொற்களோடு அது இணங்கிப் போகிறது. ஆனால் படிதல் தானாக நிகழ்வது. தூசி படியும், வண்டல் படியும். இங்கே நடப்பது ஒருவர் வேண்டுமென்றே, பதமாக இறக்குவது. அதனால் செயலுக்கு மென்னிறக்கம் என்றும், அச்செயலால் பரப்பில் உருவான அடுக்குக்குப் படிவு என்றும் பிரித்து வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ‘மென்னிறக்கத்தால் கிடைத்த புரதப் படிவு’ என்று எழுதினால் இரண்டும் குழம்பாது.

அயனி என்பதைத் தனியே மாற்றத் தேவையில்லை. 1834 இல் பாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்த ‘அயன்’, ‘செல்வது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதை அயனி என்றும், இலங்கைப் பாடநூல்கள் அயன் என்றும் எழுதுகின்றன. அங்கே நிறைக்குத் ‘திணிவு’ என்று பெயர். எனவே இலங்கை வாசகருக்கு எழுதுகிறவர்கள் ‘திணிவு தேர்ந்த அயன்களின் மென்னிறக்கம்’ என்று தாராளமாக எழுதலாம்.