அசமன்பாட்டின் விடையை எங்கே சோதிப்பது?

சமன்பாட்டைச் சரிபார்ப்பது எளிது. தெரியாத எண்ணைக் ‘க’ என்று வைத்துக்கொள்வோம். 2க + 3 = 11 என்றால் க = 4. நான்கைப் போட்டுப் பார்க்கிறோம். எட்டும் மூன்றும் பதினொன்று, வேலை முடிந்தது. சமக்குறியின் இடத்தில் < (சிறியது), > (பெரியது) போன்ற குறி வரும் அசமன்பாட்டில் அப்படி முடியாது. (தமிழ்நாட்டில் அசமன்பாடு என்கிறோம், இலங்கையில் சமனிலி என்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான்.) அதன் விடை பெரும்பாலும் ஒற்றை எண்ணாக இருக்காது. எண்கோட்டில் ஒரு துண்டாகவோ பல துண்டுகளாகவோ கிடக்கும். அதிலிருந்து ஓர் எண்ணை எடுத்துப் போட்டுச் சரியாக வந்தால், அந்த எண் சரி என்று மட்டுமே தெரியும். நாம் விடையில் சேர்க்காமல் விட்ட எண்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும்போதெல்லாம் இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். விடைக்கு உள்ளே சோதிக்கும் பிள்ளைகள் உண்டு. வெளியே சோதிக்கிறவர்கள் மிகக் குறைவு.

முதலில், எல்லோருக்கும் தெரிந்த தவறு. 5 − 2க > 11. ஐந்தை அந்தப் பக்கம் கொண்டுபோனால் −2க > 6. −2ஆல் வகுத்து க > −3 என்று எழுதிவிடுவோம். பூச்சியத்தைப் போட்டாலே குட்டு வெளிப்பட்டுவிடும்: 5 > 11 என்று வருகிறது. சரியான விடை க < −3. குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பும் என்பது விதி. ஏன் திரும்புகிறது? கி.பி. 628இல் இந்தியக் கணிதவியலாளர் பிரம்மகுப்தர் மிகை எண்களைத் தனம் என்றும் குறை எண்களை ருணம், அதாவது கடன் என்றும் எழுதினார். அந்தக் கண்ணால் பார்த்தால் காரணம் புரியும். கையில் 5 ரூபாய் வைத்திருப்பவர் 2 ரூபாய் வைத்திருப்பவரைவிட வசதியானவர். இருவரிடமும் இருப்பது அப்படியே கடனாக மாறினால்? 5 ரூபாய் கடன்காரர்தான் கீழே போவார். 2 < 5 என்பது −2 > −5 ஆகிறது. எண்கோடு முழுவதும் பூச்சியத்தைச் சுற்றி அரைவட்டம் திரும்பிவிட்டது. வலப்பக்கம் நின்றது இடப்பக்கம் வந்துவிட்டது.

கூட்டுவதும் கழிப்பதும் எண்கோட்டைத் திருப்புவதில்லை, நகர்த்த மட்டுமே செய்கின்றன. ஆகவே பயமாக இருந்தால் 2கவை இருபுறமும் கூட்டிவிடலாம்: 5 > 11 + 2க, பிறகு −6 > 2க, பிறகு −3 > க. குறியைத் திருப்ப வேண்டிய தேவையே எழவில்லை.

இந்தத் தவறு எளிதில் பிடிபடுகிறது. பிடிபடாத தவறு வேறு. 1/க < 2 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் கவால் பெருக்கினால் 1 < 2க, எனவே க > 1/2. உள்ளே சோதிப்போம். 1 போட்டால் 1 < 2, சரி. 10 போட்டால் 0.1 < 2, சரி. எத்தனை எண் போட்டாலும் சரியாகவே வரும். ஆனாலும் விடை தவறு! −1ஐப் போட்டுப் பாருங்கள்: −1 < 2. அதுவும் சரிதானே? குறை எண்கள் அத்தனையும் விடைதான், அத்தனையையும் தொலைத்துவிட்டோம். க மிகையா குறையா என்று தெரியாமலே அதனால் பெருக்கியதுதான் காரணம்.

வர்க்கப்படுத்தும்போதும் இதேதான் நடக்கிறது. √(க + 2) = க என்ற சமன்பாட்டை வர்க்கப்படுத்தினால் 2, −1 என இரண்டு விடை வரும். −1 பொய் விடை; போட்டுப் பார்த்தால் 1 = −1 என்று வந்து தானே மாட்டிக்கொள்ளும். வர்க்கப்படுத்துவதால் சமன்பாட்டுக்குள் பொய் விடை நுழையலாம், மெய் விடை ஒருபோதும் வெளியேறாது. √(க + 2) > க என்று மாற்றிப் பாருங்கள். வர்க்கப்படுத்தினால் −1 < க < 2 என்று வருகிறது. இதற்குள் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் சோதனையில் தேறும். ஆனால் −2 முதல் −1 வரை உள்ள எண்களும் விடையே. அங்கே இடப்பக்கம் பூச்சியமோ அதற்கு மேலோ, வலப்பக்கம் குறை எண், போட்டியே இல்லை. சரியான விடை −2 ≤ க < 2. இங்கே மெய் விடைகள் சத்தமில்லாமல் வெளியேறிவிட்டன. உள்ளே மட்டும் தேடுகிறவருக்கு அவை ஒருபோதும் கிடைக்கா.

(< , > என்ற குறிகள் முதலில் அச்சேறியது இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட்டின் நூலில், 1631ஆம் ஆண்டு. அவர் இறந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.)

அப்படியானால் எங்கே சோதிப்பது? எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து, மறுபக்கம் பூச்சியம் மட்டும் நிற்கும்படி எழுதுங்கள். அந்தக் கோவையின் மதிப்பு மிகையிலிருந்து குறைக்குப் போக வேண்டுமானால், ஒன்று பூச்சியத்தைத் தொட்டாக வேண்டும். அல்லது எங்காவது அறுந்திருக்க வேண்டும் (க = 0 என்ற இடத்தில் 1/க அறுந்துபோவது போல). தரையில் நடப்பவர் ஆற்றின் மறுகரைக்குத் தண்ணீரைத் தொடாமல் போக முடியாதது போல. தொடர்ச்சியான, அதாவது வரைபடம் எங்கும் அறாத சார்புகளுக்கு இது உண்மை என்று கணிதவியலாளர் போல்சானோ 1817இல் நிறுவினார். ஆகவே பூச்சியமாகும் புள்ளிகளையும் அறுந்துபோகும் புள்ளிகளையும் எண்கோட்டில் குறித்துவிட்டால், இடைப்பட்ட ஒவ்வொரு துண்டும் முழுவதும் உள்ளே அல்லது முழுவதும் வெளியே. துண்டுக்கு ஓர் எண் போதும். எண்ணற்றவற்றைச் சோதிக்கும் வேலை மூன்று நான்கு எண்களில் முடிந்துவிடுகிறது. எனக்கு இன்றும் இது வியப்பூட்டுகிறது.

1/க < 2 என்பதற்கு அந்தப் புள்ளிகள் 0, 1/2. மூன்று துண்டுகள். −1 தேறுகிறது; 1/4 போட்டால் 4 < 2, தேறவில்லை; 1 தேறுகிறது. விடை: க < 0 அல்லது க > 1/2. எண்களைக் கேள்வியில் கொடுத்த வரியிலேயே போட வேண்டும். நடுவில் நாம் எழுதிய வரியில் போட்டால், அந்த வரியில் உள்ள தவறும் சேர்ந்து தேறிவிடும்.

எல்லைப் புள்ளிகளைத் தனியாகப் பாருங்கள். (க − 2)²(க − 5) < 0 என்பதில் எல்லைகள் 2, 5. குறிகள் மாறி மாறி வரும் என்று நினைத்து, பலர் 2க்கும் 5க்கும் இடைப்பட்டதை மட்டும் விடையாக எழுதுவார்கள். பூச்சியத்தைப் போட்டால் 4 × (−5) = −20, அதுவும் தேறுகிறது. (க − 2)² பூச்சியத்தைத் தொட்டுவிட்டு வந்த பக்கமே திரும்பிவிடுவதால், 2இல் குறி மாறவில்லை. 5க்குக் குறைவான எல்லா எண்களும் விடை, 2 ஒன்றைத் தவிர. குறி ≤ ஆக இருந்தால் 2ம் 5ம் உள்ளே வந்துவிடும்.