முகாம் முடிந்து வீடு திரும்பிய பிறகு

தீயணைப்புத் துறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் என்னிடம் மனநல ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்தார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எப்போதும் கதவைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவார். தூக்கம் எப்படி என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார். நான்கு மாதம் அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

பிறகு ஒரு வெள்ள நிவாரணப் பணிக்குத் தன்னார்வலராகப் போனார். வீடுகளிலிருந்து சேற்றை வாரிக் கொட்டும் வேலை. கூட மண்வெட்டி பிடித்தவர் முன்னாள் ராணுவ வீரர். இரண்டாம் நாள் மதியம், கணுக்கால் சேற்றில் நின்றபடியே, தன்னால் காப்பாற்ற முடியாமல் போன ஒரு குழந்தையைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறார். கேட்டவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எனக்கும் ஒருத்தன் இருக்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கூடையை நிரப்பினாராம். அந்தக் குழந்தையைப் பற்றி எனக்கே அதற்குப் பிறகுதான் தெரியும்.

சீருடையைக் கழற்றும்போது கூடவே பலதும் போய்விடுகிறது. காலையில் எழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற தெளிவு, பக்கத்தில் நிற்பவன் கைவிடமாட்டான் என்ற நம்பிக்கை, நான் இன்னார் என்ற நிமிர்வு. நிவாரணப் பணி இவற்றைக் கொஞ்ச நாளைக்காவது திருப்பித் தருகிறது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கம் நடந்தபோது, அமெரிக்க மரைன் படையிலிருந்து வெளியே வந்திருந்த ஜேக் வுட், வில்லியம் மெக்நல்டி இருவரும் ஒரு சிறு குழுவோடு அங்கே போனார்கள். முன்னாள் படையினரைப் பேரிடர் நிவாரணத்துக்குத் தன்னார்வலர்களாக அனுப்பும் டீம் ரூபிகான் என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது.

அந்த அமைப்போடு ஹெய்ட்டிக்குப் போனவர்களில் கிளே ஹன்ட்டும் ஒருவர். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரிட்டவர். 2011 மார்ச்சில், 28 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். முன்னாள் படையினரின் தற்கொலையைத் தடுப்பதற்காக 2015இல் அமெரிக்காவில் வந்த சட்டம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஒரு சாவுக்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் சேவைக்குப் போனால் மனம் தானே ஆறிவிடும் என்று நம்பி ஒருவரை அனுப்பி வைக்கிறவர்கள் இவரை நினைத்துக்கொள்ள வேண்டும். பணி கைகொடுக்கும், ஆனால் சிகிச்சையின் இடத்தை அது பிடிக்காது. என் அனுபவத்தில், முகாமில் இருக்கும்வரை பெரும்பாலானவர்கள் தாக்குப்பிடித்துவிடுகிறார்கள். வீடு திரும்பி, போன் ஒலிக்காத அந்த வாரங்கள்தான் எனக்குப் பயம் தருபவை.

அதனால் நிவாரணப் பணி ஒருங்கிணைப்பாளர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: ஆளை அனுப்பும்போதே, திரும்பி வந்தபின் அவரை யார் கூப்பிடுவது என்று முடிவு செய்துவிடுங்கள். மூன்றாம் நாள் ஒரு முறை, மூன்றாம் வாரம் ஒரு முறை. அலுவலகத்திலிருந்து கூப்பிடுவதைவிட, கூட வேலை செய்தவரே கூப்பிட்டால் நல்லது. போகும் முன்பு, எந்த வேலை வேண்டாம் என்று தனியாகக் கேளுங்கள். டீசல் வாசனையோ மரம் அறுக்கும் ரம்பத்தின் சத்தமோ போதும், சிலருக்குப் பழைய நாள் அப்படியே கண்முன் வந்துவிடும்.

இன்னொன்று. கடைசி நாள் மாலை எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, பார்த்ததிலேயே கொடுமையானதைச் சொல்லச் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனாலும் தயவுசெய்து வேண்டாம். இப்படி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அதன் 2011ஆம் ஆண்டு உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது மிக எளிது: பாருங்கள், கேளுங்கள், உதவியோடு இணைத்துவிடுங்கள். பேச வந்தால் கேட்க ஆள் இருக்க வேண்டும், வராவிட்டால் வற்புறுத்தக் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தூக்கமின்மை ஒரு மாதத்தைத் தாண்டினாலோ, குடி கூடினாலோ, ஆசையாக வைத்திருந்த பொருட்களைப் பிறருக்குக் கொடுக்க ஆரம்பித்தாலோ சும்மா இருக்காதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாமல், ஆபத்தான பொருட்களை அப்புறப்படுத்தி, அப்போதே மருத்துவ உதவிக்கு அழைத்துப் போங்கள்.

அந்தத் தீயணைப்பு வீரருக்குப் போன மாதம் இன்னொரு பணிக்கு அழைப்பு வந்தது. தூக்கம் இன்னும் சரியாகவில்லை, இந்த முறை வரவில்லை என்று சொல்லிவிட்டார். சரி என்றார்கள். பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்கவில்லை.