விளம்பரத்தில் விழுந்த கிளிக் எங்கே போகிறது?

ஆன்லைனில் துணி, மசாலா, கவரிங் நகை விற்கும் சிறு வியாபாரிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "விளம்பரச் செலவு ஏறிக்கிட்டே போகுது, ஆர்டர் மட்டும் அப்படியே நிக்குது. விளம்பரத்தை மாத்திடலாமா?"

நான் முதலில் விளம்பரத்தைப் பார்ப்பதில்லை. மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) விளம்பரக் கணக்கில் 'லிங்க் கிளிக்ஸ்', 'லேண்டிங் பேஜ் வியூஸ்' என்று இரண்டு எண்கள் உண்டு. முதலாவது, விளம்பரத்தைத் தட்டியவர்கள். இரண்டாவது, தட்டிவிட்டு உங்கள் பக்கம் திறக்கும்வரை இருந்தவர்கள். கைதவறித் தட்டியவர்கள் கொஞ்சம், பிக்சல் (வருகையை எண்ண உங்கள் தளத்தில் வைக்கும் மெட்டாவின் குறியீடு) சரியாகப் பொருத்தாததால் விடுபட்டவர்கள் கொஞ்சம் என்று கழித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் இடைவெளி பெரிதாக இருந்தால், பக்கம் திறக்கவில்லையே என்று அலுத்துத் திரும்பியவர்கள்தான் மிச்சம். அவர்களை வரவழைத்த காசு போனது போனதுதான்.

இதைச் சொன்னதும் வரும் பதில்: "என் போன்ல உடனே திறக்குதே!" திறக்கத்தான் செய்யும். முதலாளி கையில் விலை கூடிய போன், கடையில் ஃபைபர் வைஃபை, போதாததற்கு தினமும் திறந்து பார்ப்பதால் படங்களெல்லாம் ஏற்கெனவே போனிலேயே சேமிப்பில் இருக்கும். உங்கள் வாடிக்கையாளரோ ஓடும் பஸ்ஸில் சாதாரண ஆண்ட்ராய்டு போனுடன் உட்கார்ந்திருக்கிறார். கடையில் இருப்பதிலேயே மலிவான போனை வாங்கி, வைஃபையை அணைத்து, பழைய சேமிப்பைப் பயன்படுத்தாத இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அதற்கப்புறம் விவாதம் இருக்காது.

வேகத்தை அளக்க கூகுள் மூன்று அளவுகளை வைத்திருக்கிறது. பக்கத்தின் முக்கியமான படமோ எழுத்தோ 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் (எல்சிபி). தட்டினால் 200 மில்லிவினாடிக்குள் திரையில் மாற்றம் தெரிய வேண்டும் (ஐஎன்பி, 2024 மார்ச்சில் சேர்ந்தது). திறக்கும்போது பக்கம் குதிக்கக் கூடாது (சிஎல்எஸ், 0.1க்குள்). வருகைகளில் 75 சதவீதமாவது இந்த எல்லைக்குள் இருந்தால்தான் தேர்ச்சி. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் கருவியில் உங்கள் தள முகவரியைப் போட்டால் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே நூற்றுக்கு இத்தனை என்று வட்டத்தில் வரும் மதிப்பெண்ணைத்தான் எல்லோரும் துரத்துகிறார்கள். எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. அது ஒரு சோதனை ஓட்டம், அவ்வளவுதான். அதற்கு மேலே, கடந்த 28 நாட்களில் உண்மையான பயனர்களுக்கு எப்படித் திறந்தது என்ற பகுதி இருக்கும். பார்க்க வேண்டியது அது. வருகை குறைவான தளங்களுக்கு அந்தப் பகுதி காலியாக இருக்கும். அப்போது மலிவு போன் சோதனைதான் கதி.

இதனால் விற்பனை கூடுமா? வோடஃபோன் இத்தாலி நிறுவனம், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு பக்கங்களை ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்த்தது. எல்சிபி 31 சதவீதம் மேம்பட்ட பக்கத்தில் விற்பனை 8 சதவீதம் அதிகம். நாம் பஸ் டிக்கெட் எடுக்கும் ரெட்பஸ், ஐஎன்பியைக் குறைத்தபோது விற்பனை 7 சதவீதம் உயர்ந்தது.

சரி, எங்கே கைவைப்பது? பெரும்பாலும் படத்தில்தான். போனில் எடுத்த படம் 4000க்கு 3000 பிக்சல், மூன்று நான்கு எம்பி இருக்கும். அதை அப்படியே ஏற்றி, உள்ளங்கை அகலத் திரையில் காட்டுகிறோம். பத்துப் புடவை என்றால் முப்பது எம்பி. முதலில் அளவைச் சுருக்குங்கள், பிறகு, கோப்பைச் சிறிதாக்கும் வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றுங்கள். இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு முதலாவதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. இன்னொன்று: 'லேசி லோடிங்', அதாவது கீழே நகர்த்தி அருகில் வரும்போது மட்டும் படத்தை ஏற்றுவது, நல்லதுதான், ஆனால் பக்கத்தின் முதல் படத்துக்கு அது கூடாது. தளத்தில் சேர்க்கும் பல பிளகின்கள் (துணை மென்பொருள்கள்) எல்லாப் படத்துக்கும் ஒரேயடியாகப் போட்டு, முதலில் வர வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகின்றன. முகப்பில் பேனர்களை மாற்றி மாற்றிக் காட்டித் தானாக ஓடும் ஸ்லைடரை எடுத்துவிடச் சொல்வேன். இரண்டாவது பேனர் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை.

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு தொல்லை எழுத்துரு. ஒரே எழுத்துருவில் மெலிந்தது, தடித்தது என்று ஐந்தாறு வகையை ஏற்றிவைப்பார்கள். பொதுவாக ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. இரண்டு போதும். முதலில் போனில் இருக்கும் எழுத்து தெரிந்து, பிறகு உங்கள் எழுத்துரு வந்து உட்காரும்போது, அகலம் மாறி வரிகள் உடைந்து பக்கமே கீழிறங்கும். 'வாங்கு' பட்டனைத் தட்டப் போனவர் வேறெதையோ தட்டுவார்.

அப்புறம் ஒட்டுண்ணிகள். சாட் பெட்டி, 'இப்போது 23 பேர் பார்க்கிறார்கள்' பாப்அப், போன வருட ஏஜென்சி விட்டுச்சென்ற டிராக்கிங் குறியீடு (வருபவர்களைக் கண்காணிப்பது). ஒவ்வொன்றையும் அணைத்துப் பாருங்கள். யாரும் தேடாவிட்டால் நீக்கிவிடுங்கள். யூடியூப் வீடியோவை நேரடியாகப் பதிக்காமல் ஒரு படம் வைத்து, தட்டினால் மட்டும் வீடியோ வரும்படி செய்யலாம்.

ஹோஸ்டிங்கை, அதாவது தளம் இருக்கும் சர்வரை, மாற்றுவது இதற்கெல்லாம் பிறகுதான். சர்வர் அமெரிக்காவில் இருந்தால் மும்பைக்கு நகர்த்துவதோ சிடிஎன் (பயனருக்கு அருகிலுள்ள சர்வரிலிருந்து கோப்புகளைத் தரும் சேவை) போடுவதோ பலன் தரும். ஆனால் முப்பது எம்பி பக்கத்தை எந்த சர்வரும் காப்பாற்றாது.

இவ்வளவும் செய்தபின் கூகுளின் 28 நாள் கணக்கு மெல்லத்தான் மாறும், பதற வேண்டாம். பயப்பட வேண்டியது தீபாவளி ஸ்டாக் வரும் வாரத்தை. டிசைனர் பேனரை பெரிய பிஎன்ஜி கோப்பாக அனுப்புவார், கடைப் பையன் அப்படியே ஏற்றிவிடுவான். அகலம் இவ்வளவு, கோப்பு இத்தனை கேபிக்குள் என்று இருவருக்கும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.